போகும் பார்சலும் திரும்பும் பார்சலும்

1980களின் தொடக்கத்தில் கொழும்பின் கொட்டாஞ்சேனையில் குடியிருந்த ஒரு குடும்பம் யாழ்ப்பாணத்துக்குப் பார்சல் அனுப்ப நினைத்தால், வீட்டில் முதலில் எழும் கேள்வி "ஊருக்கு ஆரும் போகினமோ?" என்பதுதான். ஆள் கையில் கொடுத்துவிடுவதே முதல் தெரிவு. மருந்துப் போத்தலோ மகளின் சட்டைத்துணியோ, கொண்டுபோகிறவர் தெரிந்தவராக இருந்தால் போதும். விலாசம்கூட எழுதத் தேவையில்லை. "சந்தியில இறங்கி எங்கட பேரைச் சொல்லிக் கேளுங்கோ" என்றால் அது வீடு போய்ச் சேர்ந்துவிடும். தெரிந்த ஆள் அகப்படாத கிழமையில்தான் தபாற்கந்தோர், ரெயில், லொறி என்ற மற்ற வழிகள் நினைவுக்கு வரும்.

ரெயில் என்றால் கோட்டை நிலையத்தின் பார்சல் கவுண்டர். 1956 ஏப்ரல் 23இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி பகலிலும், மெயில் ரெயின் இரவிலும் கொழும்பையும் வடக்கையும் இணைத்தன. சாமான் இரண்டு பக்கமும் போய்வந்தது. மாம்பழக் காலத்தில் கறுத்தக்கொழும்பான் கூடைகள் தெற்கே இறங்கும். துணி, புத்தகம், மருந்து வடக்கே ஏறும். நிலையத்தில் இறங்கியதை யாராவது போய் எடுத்துவர வேண்டும் என்பதால், பார்சலுக்கு முன்பே ஒரு கடிதமோ தந்தியோ போயிருக்கும்.

தபால் வழியில் ஒழுங்கு அதிகம். பழுப்புத் தாளில் சுற்றி, சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, காப்புறுதி செய்வதென்றால் முடிச்சுகளில் அரக்கு உருக்கி முத்திரையும் குத்த வேண்டும். பெறுபவர் விலாசம் நடுவில் கொட்டை எழுத்தில்; அனுப்புபவர் விலாசம் மூலையில் சிறிதாக. அந்த மூலை எழுத்துத்தான் அன்றைய ரிட்டர்ன் லேபிள். வீட்டில் ஆள் இல்லை, இடம் மாறிப் போய்விட்டார், வாங்க மறுத்துவிட்டார் என்று தபாற்காரர் எழுதிவிட்டால், அதே பார்சல் அதே கயிற்றோடு மூலையில் எழுதிய விலாசத்துக்குத் திரும்பும். போகும்போதே திரும்பும் வழியும் எழுதப்பட்டிருந்தது என்பதை இன்றைய கதைக்காக நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

காசு வாங்கிக்கொண்டு பொருளைக் கொடுக்கும் முறையும் புதிதல்ல. கொழும்பிலிருந்து புத்தகமும் மருந்தும் வி.பி.பி.யில் போயின. பெறுபவர் விலையைத் தபாற்கந்தோரில் கட்டிப் பொருளை எடுப்பார். அந்தக் காசு மணியோடராக விற்றவருக்கு வந்து சேரும். பிரித்தானிய இந்தியாவில் 1877இலேயே நடைமுறைக்கு வந்துவிட்ட முறை இது. இன்று கொரியர் கொம்பனிகள் 'சி.ஓ.டி.' என்று தங்கள் கண்டுபிடிப்பைப் போலச் சொல்வதும் இதே ஏற்பாடுதான். வாங்க மறுக்கப்பட்ட வி.பி.பி. திரும்பிவரும் துக்கமும் அன்றைய கடைக்காரருக்குத் தெரிந்ததே.

பிறகு போரில் வழிகள் மூடப்பட்டன. 1990 ஜூனில் யாழ்தேவி நின்றது. அது மறுபடியும் யாழ்ப்பாணம் போக 2014 ஒக்டோபர் 13 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் வடக்குக்குப் போகக்கூடாத பொருள்கள் என்று அரசாங்கத்தின் பட்டியல் ஒன்று இருந்தது. பற்றரியும் எரிபொருளும் சீமெந்தும் அதில் அடங்கும். அந்தக் காலத்தில் பார்சல் கட்டுகிறவர் பெறுபவருக்கு என்ன தேவை என்று யோசிக்கவில்லை. வழியில் எதைப் பறிப்பார்கள் என்றுதான் யோசித்தார். செய்தியையாவது அனுப்பலாம் என்றால் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஒற்றைத் தாள் இருந்தது. ஒட்டாமல் திறந்தபடி போகும், குடும்பச் செய்தியை மட்டும் எழுதலாம்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை வந்து ஏ9 வீதி திறந்தபோது வெள்ளவத்தையிலிருந்து பார்சல்கள் மீண்டும் தரைவழியே கிளம்பின. ஆனால் ஓமந்தையில் ஒரு சோதனை, புலிகளின் பகுதிக்குள் புகுந்ததும் இன்னொரு சோதனையும் வரியும், முகமாலையில் திரும்பவும் அதே கதை. மூன்று இடத்தில் அவிழ்த்து மூன்று இடத்தில் கட்டிய பார்சலுக்கு அரக்கு முத்திரை எதற்கு? 2006 ஓகஸ்ட் 11இல் அந்த வழியும் அடைபட்டது.

விலாசம் என்பதே நிலையில்லாத ஒன்றாகிவிட்ட காலமும் அதுதான். வெளிநாட்டு விசாவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வேலைக்கும் என்று வடக்கு கிழக்கிலிருந்து வந்தவர்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் லொட்ஜ்களில் தங்கினார்கள். அவர்களுக்கு வரும் கடிதமும் பார்சலும் 'மே/பா' போட்டு லொட்ஜின் பெயரில் வரும். 2007 ஜூன் 7 அதிகாலை பொலிஸார் அந்த லொட்ஜ்களில் இருந்து 300க்கும் மேற்பட்ட தமிழரை பஸ்களில் ஏற்றி நகரைவிட்டு அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. ஆட்களையே இப்படித் திருப்பி அனுப்பிய நகரத்தில் பார்சல் திரும்பி வந்தது என்று யாரும் முறையிட்டிருக்கமாட்டார்கள்.

இன்றைய வெள்ளவத்தைக்கு வருவோம். பின்னேரம் காலி வீதியில் யாழ்ப்பாணம் போகும் இரவு பஸ்கள் ஆட்களை ஏற்றும்போது பார்சல்களும் ஏறுகின்றன. பெட்டியின் மேல் மார்க்கர் பேனாவால் ஒரு பெயர், ஒரு கைத்தொலைபேசி இலக்கம். பஸ்ஸின் இலக்கத் தகட்டைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் விடிய நாலு மணிக்கோ ஐந்து மணிக்கோ சந்தியில் யாரோ காத்திருந்து எடுத்துக்கொள்வார்கள். இதில் மென்பொருள் கிடையாது, பார்கோட் கிடையாது. "ஊருக்கு ஆரும் போகினமோ?" என்ற பழைய கேள்விக்கு பஸ் பதில் சொல்கிறது, அவ்வளவுதான். நவீனம் வந்ததும் பழையது ஓடிவிட்டது என்று எழுத ஆசைப்படுகிறவர்கள் ஒருநாள் பின்னேரம் இங்கே வந்து நின்று பார்க்கவேண்டும்.

மாற்றம் கடைகளில்தான் தெரிகிறது. 2020 மார்ச் ஊரடங்கு வந்தபோது காலி வீதிச் சேலைக் கடைகளுக்கும் ஒழுங்கைக்குள் வீட்டில் வைத்துத் தைத்து விற்ற பெண்களுக்கும் பேஸ்புக், வட்ஸ்அப் தவிர வேறு வாசல் இருக்கவில்லை. தொடக்கத்தில் ஓடர்களை அப்பியாசக் கொப்பியில் எழுதினார்கள். கொரியர் கொம்பனி தந்த வேபில் புத்தகத்தில் காபன் வைத்து மூன்று பிரதி எழுதி, ஸ்டிக்கரை உரித்துப் பையில் ஒட்டினார்கள். பிறகு கொம்பனியின் இணையப் பக்கத்தில் எக்செல் கோப்பை ஏற்றினார்கள். இப்போது கடையின் வெப்சைட்டும் கொரியரின் கணினியும் நேரே பேசிக்கொள்கின்றன. வாடிக்கையாளர் ஓடர் போட்டதும் விலாசம், நிறை, வாங்கவேண்டிய காசு எல்லாம் ஏ.பி.ஐ. வழியாகப் போய், வேபில் இலக்கம் ஒன்று திரும்பி வருகிறது. 100க்கு 150 மில்லிமீற்றர் லேபிள் வெப்பப் பிரின்டரில் இறங்குகிறது. டொமெக்ஸ், கூம்பியோ, ஃபார்டார், ட்ரான்ஸ் எக்ஸ்பிரஸ் என்று கொழும்பில் கொம்பனிகள் பல. இலங்கைத் தபாலும் தன் கொரியர் சேவையோடு களத்தில் இருக்கிறது.

இந்த இணைப்பைச் சரிசெய்வது பெரிய வித்தையல்ல. கொரியரிடம் வியாபாரக் கணக்கு ஒன்று திறந்து, அவர்கள் தரும் இரகசியச் சாவியைக் கடை மென்பொருளில் பதிந்து, பார்சலை எடுக்க வரவேண்டிய விலாசத்தைக் கொடுத்து, ஒரு கிலோவுக்கு இவ்வளவு, மேலதிகக் கிலோவுக்கு இவ்வளவு என்று கட்டணத்தை அமைத்தால் முக்கால் வேலை முடிந்தது. மிச்சக் கால் பங்குதான் ஆளைக் கொல்லும்.

எங்கள் தபாற் குறியீடுகளையே எடுங்கள். 1997இல் அறிமுகமான ஐந்திலக்கக் குறியீட்டில் வெள்ளவத்தை 00600, கொட்டாஞ்சேனை 01300. எக்செல் இதை எண் என்று நினைத்து முன்னால் உள்ள பூச்சியங்களை விழுங்கிவிடும். 00600 வெறும் 600 ஆகும், 01300 வெறும் 1300 ஆகும். கொரியரின் கணினி "அப்படி ஓர் ஊர் இல்லை" என்று கையை விரிக்கும். 077 என்று தொடங்கும் கைத்தொலைபேசிக்கும் இதே கதி. அந்த நிரல்களை எண்ணாக அல்ல, எழுத்தாக அமைத்துவிட்டால் நோய் தீர்ந்தது. ஆனால் அதைச் சொல்லித்தர ஆள் வேண்டும்.

அடுத்தது ஊர்ப்பெயர். கொரியரின் பட்டியலில் ஊர்கள் ஆங்கிலத்தில், அவர்கள் விரும்பிய எழுத்துக்கூட்டலில் இருக்கும். கொக்குவிலில் ஒரு 'க்' கூடும் குறையும். வட்டுக்கோட்டையை ஆங்கிலத்தில் எழுத ஆளுக்கொரு விதம். வாடிக்கையாளர் எழுதும் பெயரைப் பட்டியலில் உள்ள பெயரோடு பொருத்தும் அட்டவணை ஒன்றைக் கடைக்காரர் தானே செய்யவேண்டும். வாடிக்கையாளரைத் தட்டச்சு செய்யவிடாமல் பட்டியலில் இருந்து தெரிவு செய்யவிடுவது இன்னும் நல்லது. இதைச் செய்யாத கடையில் பார்சல் ஒரே பெயருள்ள வேறு மாவட்டத்து ஊருக்குப் போய்விட்டுச் சாவகாசமாகத் திரும்பும்.

தமிழ் எழுத்து இன்னொரு தலையிடி. லேபிளுக்குள் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் பெயர் வந்த இடத்தில் வெற்றுக் கட்டங்கள் அச்சாகும். இருந்தாலும் சில பிரின்டர்கள் கொம்பையும் எழுத்தையும் காலையும் பிரித்துப் போட்டுக் 'கொ'வைக் கொலை செய்துவிடும். லேபிளைப் படமாகவோ பீ.டி.எஃப். ஆகவோ செய்து அச்சிட்டால் இந்தக் கோளாறு வராது. பார்கோட்டுக்குள் மட்டும் தமிழைத் திணிக்கமுடியாது. கொரியர் லேபிள்களில் பெரும்பாலும் காணப்படும் கோட் 128 ஆங்கில எழுத்தையும் எண்ணையும் குறியையும் மாத்திரமே ஏற்கும்.

சரி, இவ்வளவும் செய்தாயிற்று. லேபிள் சுத்தமாக வந்தது. யாழ்ப்பாணத்தில் ரைடர் என்ன செய்கிறார்? லேபிளில் உள்ள விலாசத்தை ஒருமுறை பார்த்துவிட்டு ரெலிபோன் எடுக்கிறார்.

"அக்கா, கொரியர். வீடு எவடத்தில?"

"பிள்ளையார் கோயிலடிக்கு வந்து மேற்கால திரும்புற ஒழுங்கை தம்பி. பச்சைப் பெயின்ற் அடிச்ச மதில்."

உண்மையான விலாசம் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. அன்று பெயரைச் சொல்லிக் கேட்டு வந்தார்கள். இன்று இலக்கத்தை அழுத்திக் கேட்கிறார்கள். ஆகவே இணைப்பைச் சரிசெய்யும்போது தொலைபேசி இலக்கத்தைச் சரிபார்க்கும் கட்டத்துக்குத்தான் அதிகக் கவனம் கொடுக்கவேண்டும் என்பது என் கட்சி. இரண்டாவது இலக்கம் ஒன்றையும் கேட்டு வைப்பது வீண்போகாது. அதே நேரம் பெயர், வீடு, தொலைபேசி மூன்றையும் சுமந்த லேபிள் குப்பைக்கூடையில் யார் கையிலும் சிக்கும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின்னும் அதைக் கிழித்துப் போடுகிறவர்கள் குறைவு. "உங்கள் பார்சலின் விலாசம் குறைவு, இங்கே அழுத்துங்கள்" என்று தபால் திணைக்களத்தின் பெயரில் வந்த போலிக் குறுஞ்செய்திகள் பற்றித் திணைக்களமே எச்சரிக்க வேண்டிவந்த நாடு இது.

ரைடர் அழைத்தபோது அந்த அக்கா எடுக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்லது எடுத்து, "இப்ப காசில்லைத் தம்பி, நாளைக்கு வாங்கோ" என்றார். நாளையும் அப்படியே. பார்சல் கொரியரின் கிளைக்குப் போய், அங்கிருந்து கொழும்புக்கு மூட்டையாக வந்து, கடை வாசலில் இறங்கும். சி.ஓ.டி. வியாபாரத்தில் ரிட்டர்ன் என்றால் பெரும்பாலும் இதுதான். போன கூலியும் கடைக்காரருக்கு, பல இடங்களில் திரும்பிய கூலியும் அவருக்கே. கல்யாணத்துக்கு என்று பொதிசெய்து போன சேலை கல்யாணம் முடிந்தபின் மடிப்புக் கலைந்து வந்தால் அதை யாருக்கு விற்பது?

இங்கேதான் இணைப்பின் குறை வெளிப்படுகிறது. பார்சல் கிளம்பியது, கிளைக்குப் போனது, கையளிக்கப்பட்டது என்ற செய்திகள் கடை மென்பொருளுக்குத் தானாகவே வந்துவிடும். திரும்புகிறது என்ற செய்தியும் வரும். ஆனால் அது வந்தால் என்ன செய்வது என்று கடையின் மென்பொருளுக்கு யாரும் சொல்லிவைத்திருக்கமாட்டார்கள். சாமான் இருப்புக்குத் திரும்பவேண்டுமா, சோதித்தபிறகா, காசுக் கணக்கில் எங்கே கழிப்பது? இதையெல்லாம் இன்னும் கொப்பியில் எழுதிப் பார்க்கிற கடைகள் காலி வீதியில் உண்டு. கொரியர் அனுப்பும் கிழமைக் கணக்கையும் கையிலுள்ள சாமானையும் ஒப்பிட்டால் ஒருநாளும் பொருந்தாது.

வாடிக்கையாளரே திருப்பி அனுப்ப விரும்பும் ரிட்டர்ன் வேறு. சட்டை அளவு பிழை, நிறம் படத்தில் கண்டதுபோல் இல்லை. 'விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது' என்று பில்லில் அச்சடித்தே பழகிய புடைவை வியாபாரத்தில் இந்தப் பேச்சுக்கே முன்பு இடமில்லை. கடை மென்பொருளில் இப்போது 'ரிட்டர்ன் லேபிள் உருவாக்கு' என்ற சிறு கட்டம் ஒன்று இருக்கிறது. அதை அடையாளமிட்டால் போகும் லேபிளோடு வரும் லேபிளும் அச்சாகும். அந்தக் கட்டம் எங்கள் தெருவுக்காகச் செய்யப்பட்டதல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் வாங்கிய பொருளைக் காரணம் சொல்லாமலே 14 நாட்களுக்குள் திருப்பலாம் என்ற உரிமை 2014 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தச் சந்தைக்கு மென்பொருள் செய்தவர்கள் அந்தக் கட்டத்தையும் வைத்தார்கள். வெள்ளவத்தைக் கடைக்காரர் அதை அடையாளமிட்டுப் பார்த்தால், கொரியரின் பக்கத்தில் அதை ஏற்கும் ஏற்பாடு இருந்தால்தான் வேலை செய்யும். புதியதைக் கொடுத்துப் பழையதை வாங்கிவரும் மாற்றுச் சேவை சில கொரியர்களிடம் உண்டு. மற்ற இடங்களில் வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் பதில்: "நீங்களே கொரியர் போட்டு அனுப்பிவிடுங்கோ அக்கா."

வெளிநாட்டுப் பார்சலில் இது இன்னும் முற்றும். ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் ஒடியலும் வடகமும் சேலையும் அனுப்புவது வெள்ளவத்தையின் பழைய தொழில். அன்று சுங்கப் பத்திரத்தில் 'உணவுப் பொருள், அன்பளிப்பு' என்று எழுதினால் சரி. இப்போது சி.என். 22, சி.என். 23 பத்திரங்களில் உள்ள விபரம் பார்சலுக்கு முன்பே மின்னணுவில் போய்ச் சேரவேண்டும் என்பது 2021 ஜனவரி முதல் உலகத் தபால் ஒன்றியத்தின் விதி. பொருளுக்குச் சுங்கக் குறியீட்டெண், நிறை, பெறுமதி எல்லாம் வேண்டும். தபாலில் போனால் எல்.கே. என்று முடியும் 13 எழுத்து இலக்கம் ஒன்று கிடைக்கும். அதில் ஒன்பதாவது எண் காவல் எண். முன்னுள்ள எட்டு எண்களையும் முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7ஆல் பெருக்கிக் கூட்டி 11ஆல் வகுத்து அதைக் கண்டுபிடிக்கிறார்கள். கை தவறி ஓர் எண்ணை மாற்றித் தட்டினால் கணினி பெரும்பாலும் உடனே பிடித்துவிடும். அமெரிக்கா 2025 ஓகஸ்ட் 29 முதல் 800 டொலர் வரையான பார்சல்களுக்கு இருந்த வரிவிலக்கை நிறுத்தியதால் அங்கே அனுப்புவோர் கணக்கை முதலிலிருந்து போடவேண்டியதாயிற்று. இந்தச் சிக்கல் எல்லாம் கடந்து ரொறன்ரோ போன சட்டை அளவு பிழை என்றால், திரும்பும் கூலி சட்டையின் விலையை மிஞ்சும். திருப்பி எடுப்பதைவிடக் காசைக் கொடுத்துவிட்டுச் சட்டையை அங்கேயே விட்டுவிடுவதுதான் கெட்டித்தனம்.

உள்நாட்டிலும் அனுப்புவது மலிவல்ல. 2022 ஓகஸ்ட் 15இல் சாதாரண கடிதத்தின் முத்திரையே 15 ரூபாவில் இருந்து 50 ரூபாவுக்கு ஏறியது. எரிபொருளுக்கு வரிசையில் நின்ற அந்த வருடத்தில் கொரியர் வண்டிகளும் கியூ.ஆர். அட்டையோடு காத்துக்கிடந்தன. அதன் பிறகு திரும்பிவரும் ஒவ்வொரு பார்சலும் சிறு கடைக்காரரின் இலாபத்தை உறிஞ்சத்தான் செய்கிறது.

அன்றைய தபாற் பார்சல் மெதுவாகப் போனது, ஆனால் திரும்பவேண்டி வந்தால் எங்கே என்பது அதன் மூலையிலேயே இருந்தது. இன்றைய பார்சலின் போகும் வழி முழுக்கச் செப்பனிடப்பட்டுவிட்டது. திரும்பும் வழியைப் பற்றிக் கொரியரும் மென்பொருள் செய்பவரும் கடைக்காரரும் ஆளுக்காள் கையைக் காட்டுகிறார்கள். என் பார்வையில் இது தொழில்நுட்பக் குறையல்ல. விற்பனையை எண்ணி இணைப்பைச் செய்தோம், மனவருத்தத்தோடு திருப்பித் தருகிற வாடிக்கையாளரை எண்ணிச் செய்யவில்லை.

ஆகவே கொரியர் இணைப்புப் போட இருக்கும் கடைக்காரர்கள் முதலில் ரிட்டர்னைச் சோதியுங்கள். மென்பொருளைத் திறந்துவிடுமுன், உங்கள் வீட்டுக்கே ஒரு பார்சல் அனுப்பி, அதை வாங்க மறுத்து, எத்தனை நாளில், எந்தச் செய்தியோடு, எவ்வளவு கூலியோடு திரும்புகிறது என்று பாருங்கள். லேபிளில் திரும்பும் விலாசத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் போடுங்கள். வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஓடர் வேண்டாம் என்றால் பார்சல் கட்டுமுன் சொல்லிவிடுங்கள், ரைடர் அழைத்தால் ரெலிபோனை எடுங்கள். திரும்பும் கூலியை நீங்கள் கட்டுவதில்லை. ஒழுங்கைக்குள் தையல் மெசினோடு இருக்கிற ஒரு பெண்தான் கட்டுகிறாள்.